அஞ்சு வருஷம் பிள்ளை... அப்புறம்?

அமலாக்கத் துறை ஒருவரின் சொத்தை முடக்குகிறது என்றால் வீடு, நிலம், நகை, கார், வங்கிக் கணக்கு என்றுதான் பட்டியல் போகும். 2019 செப்டம்பரில் கொல்கத்தாவில் போட்ட ஒரு பட்டியலில் மூன்று சிம்பன்சிகளும் நான்கு மார்மோசெட் குரங்குகளும் இருந்தன. சிம்பன்சி ஒன்றுக்கு 25 லட்சம், மார்மோசெட் ஒன்றுக்கு ஒன்றரை லட்சம், ஆக மொத்தம் 81 லட்சம் ரூபாய் என்று மதிப்பும் எழுதினார்கள். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உயிருள்ள விலங்குகளை முடக்கியது இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அவற்றை வைத்திருந்தவர் வனவிலங்குக் கடத்தல் வழக்கில் சிக்கியவர். அனுமதி இருக்கிறது என்று அவர் காட்டிய கடிதமே போலி என்பது வனத்துறையின் புகார். சிம்பன்சிகள் அலிப்பூர் விலங்கியல் பூங்காவுக்குப் போயின.

ஒரு சிம்பன்சிக்கு 25 லட்சம்! ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மனையே வாங்கிவிடலாம். இருந்தும் ஆசைப்பட ஆள் இருக்கிறது. ஆள் இருப்பதால்தான் கடத்தல் இருக்கிறது. அந்த ஆசை எங்கே முளைக்கிறது என்று தெரிய கொல்கத்தா வரை போகத் தேவையில்லை. பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை வழியாக ஒரகடத்துக்குப் போகும் எந்தக் கம்பெனி பஸ்ஸிலும் ஏறி, பக்கத்து சீட்டுக்காரரின் போனைப் பாருங்கள். டயபர் கட்டிய சிம்பன்சிக் குட்டி பாட்டிலில் பால் குடிக்கும். சோபாவில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்க்கும். அம்மா மாதிரி ஒரு பெண்மணி தலை வாரிவிடுவார். நைட் ஷிஃப்ட் முடிந்து கண் எரிய வருகிற பையன்கூட அதைப் பார்த்துச் சிரித்துவிடுவான். அடுத்த நிமிஷம் அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும். கீழே சித்தியோ அத்தையோ எழுதுவார்கள்: “அப்படியே நம்ம பாப்பா மாதிரியே இருக்குடா!”

சித்தி சொல்வது பொய்யில்லை. சிம்பன்சிக் குட்டி, பாப்பா மாதிரிதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பற்றிக்கொள்ளும் கை

செம்பரம்பாக்கத்துக்குக் கிழக்கே பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். கார் கம்பெனிகளும் செல்போன் கம்பெனிகளும் வருவதற்கு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் வைணவர்கள் குரங்குக் குட்டியைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ராமானுஜருக்குப் பின்னால் வந்த வடகலையார் சரணாகதியை விளக்க எடுத்துக்கொண்டது மர்க்கட நியாயம். பூனைக் குட்டியைத் தாய்ப்பூனை வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டிக்கு வேலையில்லை. குரங்குக் குட்டி அப்படியில்லை. தாய் கிளைக்குக் கிளை தாவும்போது அதுதான் தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். கை தளர்ந்தால் கதை முடிந்தது.

சிம்பன்சியின் முதல் சில மாதங்கள் முழுக்க இந்தப் பற்றுதல்தான். தாயின் உடம்பை விட்டு இறங்குவதே இல்லை. பிறகு முதுகில் சவாரி. நாலைந்து வயது வரை பால் குடிக்கும். பால் மறந்த பிறகும் இன்னும் பல வருஷம் அம்மா பின்னாலேயே திரியும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே ஐந்தாறு வருஷம் இடைவெளி. அந்த இடைவெளியில் எந்தப் பழம் எப்போது பழுக்கும், எந்த இலை வயிற்றுக்கு ஆகாது, கூட்டத்தில் யாருக்குப் பணிய வேண்டும், யாரிடம் பல்லைக் காட்டலாம், ராத்திரி படுக்கக் கிளைகளை மடக்கி எப்படிக் கூடு போடுவது என்று எல்லாவற்றையும் அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

தாயை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் குட்டியைக் காட்டிலிருந்து எப்படி எடுப்பார்கள்? தாயைச் சுட்டுத்தான். தாயைக் காப்பாற்ற வரும் மற்றவற்றையும் சேர்த்து. கீழே விழுந்த உடம்பைப் பற்றிக்கொண்டிருக்கும் குட்டியைப் பிய்த்து எடுத்துப் பெட்டியில் போடுவார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் சிம்பன்சி அருகிப்போனதற்குக் காடு அழிப்பும் இறைச்சி வேட்டையும் பெரிய காரணங்கள் என்றால், இந்தக் குட்டி வியாபாரம் அவற்றோடு ஒட்டிக்கொண்டு நடப்பது. வீட்டுக்கு வந்து சேரும் குட்டி, யார் மடி கிடைத்தாலும் அதே இறுக்கத்தோடு பற்றிக்கொள்ளும். வாங்கியவர் உருகிப்போவார். “என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டேங்குது” என்பார். அநாதைக் குழந்தையின் பிடி அது.

ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள்

சிம்பன்சியை வீட்டில் வளர்த்தவர்கள் எல்லோரும் பணக்காரக் கிறுக்கர்கள் என்று நினைக்க வேண்டாம். மிகக் கவனமாகக் குறிப்பெடுத்து வளர்த்தவர்கள் விஞ்ஞானிகள். அந்த வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

1931-ல் அமெரிக்காவின் வின்த்ராப் கெல்லாக், லுயெல்லா கெல்லாக் தம்பதி, ஏழரை மாதப் பெண் சிம்பன்சி கூவாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் மகன் டொனால்டுக்கு அப்போது பத்து மாதம். இருவரையும் ஒரே மாதிரி வளர்ப்பது என்று ஏற்பாடு. ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி நாற்காலி, ஒரே நேரத்தில் சாப்பாடு, குளியல், முத்தம். ஒன்பது மாதம் இது நடந்தது. ஸ்பூன் பிடிப்பது, கப்பில் குடிப்பது, சொன்னதைக் கேட்பது என்று பலவற்றில் கூவா முந்திக்கொண்டாள். தப்பு செய்தால் ஓடி வந்து முத்தம் கொடுத்து மன்னிப்புக் கேட்பாள். டொனால்டு ஆட்களை முகம் பார்த்து அறிவான். கூவா வாசனை பிடித்து அறிவாள். பேச்சு மட்டும் அவளுக்கு வரவே இல்லை.

பெற்றோர் எதிர்பாராதது வேறொன்று. பையன் அவளைப் பார்த்துக் காப்பியடிக்க ஆரம்பித்தான். சாப்பாட்டைக் கண்டால் கூவா போடும் அதே உறுமலை அவனும் போட்டான். 1932 மார்ச்சில் சோதனை நின்றது. அதுதான் காரணமா என்று கெல்லாக்குகள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு வயதைத் தாண்டிய மகன் சோற்றுத் தட்டைப் பார்த்து உறுமினால் எந்த அம்மாவும் என்ன முடிவெடுப்பாள் என்று யூகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கூவா திரும்ப ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பப்பட்டாள். அடுத்த வருஷமே நிமோனியாவில் செத்துப்போனாள். ஒன்பது மாதம் அண்ணனோடும் அம்மாவோடும் ஒரே வீட்டில் இருந்தவளுக்குக் கூண்டு எப்படி இருந்திருக்கும் என்று எழுத யாரும் அங்கே குறிப்பேடு வைத்திருக்கவில்லை.

1947-ல் கீத் ஹேய்ஸ், கேத்தரின் ஹேய்ஸ் தம்பதி விக்கியைப் பிறந்த சில நாட்களிலேயே எடுத்து வளர்த்தார்கள். உதட்டைக் கையால் பிடித்துப் பிடித்துப் பேசப் பழக்கினார்கள். வருஷக்கணக்கில் பாடுபட்டு வந்தது நாலே சொல். அதில் ‘மாமா’, ‘பாப்பா’ இரண்டும் அந்த வீட்டில் அம்மா அப்பாவைக் கூப்பிடுவது. விக்கியிடம் ஒரு தடவை ஒரு கட்டுப் புகைப்படங்களைக் கொடுத்து, மனிதர்களை ஒருபக்கமும் விலங்குகளை ஒருபக்கமும் பிரித்து வைக்கச் சொன்னார்கள். சரியாகப் பிரித்தாள். தன் படத்தை மனிதர்கள் பக்கம் வைத்தாள். தன்னைப் பெற்ற அப்பா சிம்பன்சியின் படம் வந்தது. அதை யானை, குதிரைகளோடு போட்டுவிட்டாள். ஏழு வயதாகும் முன்னே மூளைக்காய்ச்சலில் இறந்தாள்.

சிம்பன்சி வளர்ப்பு பற்றி நான் படித்ததில் அந்தப் புகைப்படக் கட்டுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அவளை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அன்பாகத்தான் வளர்த்தார்கள். அந்த அன்பு அவளைத் தன் இனத்திலிருந்து மொத்தமாக வெளியே எடுத்துவிட்டது. வெளியே எடுத்தவர்களின் இனத்திலும் அவளுக்கு இடம் கிடையாது.

லூசி போட்ட டீ

ஓக்லஹோமாவில் மாரிஸ் டெமர்லின் என்ற உளவியல் நிபுணர் வீட்டில் வளர்ந்த லூசியின் கதை இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். 1964-ல் பிறந்தவள். பிறந்து இரண்டாம் நாளே, மயக்க மருந்து கொடுத்துத் தாயிடமிருந்து எடுத்தார்கள். டெமர்லினும் அவர் மனைவி ஜேனும் அவளை மகள் என்றே சொன்னார்கள். பிற்பாடு அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலும் அப்படித்தான் போட்டார்.

லூசி மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். பத்திரிகை புரட்டுவாள். பூனைக்குட்டி ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவாள். அலமாரியைத் திறந்து ஜின் பாட்டிலை எடுத்து, கிளாஸில் ஊற்றிக்கொண்டு சோபாவில் சாய்வாள். சைகை மொழி சொல்லிக்கொடுக்க ரோஜர் ஃபவுட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் காலையில் வருவார். அவர் வந்ததும் கட்டிக்கொண்டு வரவேற்பாள், நேரே அடுப்படிக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைப்பாள், கப் எடுப்பாள், டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். நம் வீடுகளில் வந்தவருக்கு டீ கொடுக்கும் பெண்பிள்ளையை ‘நல்லா வளர்த்திருக்காங்க’ என்போமே, அதே வளர்ப்பு.

அதே வீட்டின் மறுபக்கமும் இருக்கிறது. சிம்பன்சிக்குக் கதவு, பூட்டு, ஜன்னல் கொக்கி எதுவும் தடையில்லை. சாவி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளும். குளிர்பெட்டிக்குப் பூட்டு, மின்விசிறிக்குக் கம்பிக் கூடு, சுவருக்குக் கான்கிரீட் என்று வீடு மெல்ல மெல்லக் கோட்டையாகும். விருந்தாளி வர மாட்டார். வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்க முடியாது. குழந்தை மருத்துவர் பார்க்க மாட்டார். கால்நடை மருத்துவருக்கும் பழக்கமில்லை. நமக்கு வரும் சளி, காசநோய், அக்கி எல்லாம் அதற்கு வரும். அதற்கு வந்தால் நமக்கும் வரலாம். லூசி பத்து வயதைத் தாண்டியதும் டெமர்லின் வீடு இதற்கு மேல் தாங்காது என்றாகிவிட்டது.

1977-ல் லூசியை மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். காட்டை ஒரு நாளும் பார்த்திராதவளைக் காட்டில் விட்டார்கள். கூடப் போனவர் ஜானிஸ் கார்ட்டர் என்ற மாணவி. சில வாரத்தில் திரும்பலாம் என்று போனவர் வருஷக்கணக்கில் தங்கினார். காம்பியா ஆற்றுத் தீவில் அவர் கூண்டுக்குள், சிம்பன்சிகள் வெளியே. கூட வந்த மற்றவை மெல்ல மெல்ல இலை தின்னப் பழகின. லூசி பழகவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாப்பாடு வேண்டும், தண்ணீர் வேண்டும், வெளியே வா, எனக்கு வலிக்கிறது என்று சைகையில் சொல்லிக்கொண்டே இருப்பாள். டீ போடத் தெரிந்தவளுக்குக் கூடு போடத் தெரியவில்லை. மெலிந்தாள், முடி கொட்டியது. கடைசியில் ஒருவழியாக இலை தின்றாள், மரமேறினாள். 1987-ல் அவள் எலும்புக்கூடுதான் கிடைத்தது. எப்படிச் செத்தாள் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை.

சைகை மொழி கற்ற முதல் சிம்பன்சி வாஷோவின் வாழ்வும், நியூயார்க் மாடி வீட்டில் மனிதப் பிள்ளைகளோடு வளர்ந்த நிம் சிம்ப்ஸ்கியின் வாழ்வும் ஏறக்குறைய இதே தடம். நிம் 1973-ல் பிறந்தவன். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்பர்ட் டெரஸின் ஆராய்ச்சி 1977-ல் முடிந்ததும் திருப்பி அனுப்பப்பட்டான். பிறகு மருத்துவச் சோதனைக் கூடத்துக்கே விற்கப்பட்டு, எதிர்ப்பு கிளம்பிய பின் மீட்கப்பட்டான். 2000-ல் மாரடைப்பில் இறந்தபோது அவனுக்கு 26 வயது. ஆராய்ச்சிக்கு நிதி நின்றால் மகன் உறவும் நின்றுவிடும் என்பது அவனுக்கு யாரும் சைகையில் சொல்லித் தராத பாடம்.

கடா மேல் பழி

2009 பிப்ரவரி 16. அமெரிக்காவின் ஸ்டாம்ஃபோர்ட் நகரில் ஒரு விதவைப் பெண்மணி பதின்மூன்று வருஷமாக வளர்த்த டிராவிஸ் என்ற ஆண் சிம்பன்சி, அவருடைய தோழியின் மீது பாய்ந்தது. அந்தப் பெண் கண்பார்வையையும் இரு கைகளையும் முகத்தையும் இழந்தார். பின்னால் அவருக்கு முக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டிராவிஸைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கு முன்பு வரை டிராவிஸ் அந்த ஊரின் செல்லம். விளம்பரங்களில் நடித்தது, வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது, காரில் முன்சீட்டில் போனது.

இந்தச் செய்தியைக் கேட்டால் நம் ஊரில் உடனே வரும் வார்த்தை: “வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது.” அந்தப் பழமொழியில் பழி முழுக்கக் கடாவின் மேல். நன்றி கெட்டது என்று. நான் இதை ஏற்க மாட்டேன். ஏழெட்டு வயதில் ஆண் சிம்பன்சி பருவத்துக்கு வருகிறது. கூட்டத்தில் தன் இடம் எது என்று முட்டி மோதிப் பார்க்கும் வயது. காட்டில் அதற்கு ஈடுகொடுக்க மாமன் மச்சான் மாதிரி பத்துப் பேர் இருப்பார்கள். இரண்டு அறை வாங்கி, இரண்டு அறை கொடுத்து, பிறகு கட்டிப்பிடித்துப் பேன் பார்த்து சமாதானமாகும். வீட்டில் இருப்பது யார்? தோல் மெலிந்த, முடியில்லாத, ஒரே கடியில் விரல் போகக்கூடிய மனிதர்கள். சிம்பன்சியின் தசைக்கு நம்மைவிட ஒன்றரை மடங்கு பலம். கூடவே கோரைப் பல். அது செய்தது அதன் இயல்பு. அந்த இயல்பு தெரிந்தும் தெரியாத மாதிரி டயபர் கட்டிவிட்டவர்கள் நாம்.

ஆகவே எல்லா வீட்டுக் கதைக்கும் இரண்டாம் பாதி ஒன்றுதான்: கூண்டு. சிம்பன்சி ஐம்பது வருஷம்கூட வாழும். டெல்லி விலங்கியல் பூங்காவில் இருந்த ரீட்டா 2019-ல் இறந்தபோது அறுபதை நெருங்கியிருந்தது. அஞ்சு வருஷம் மடியில், மிச்ச நாற்பது வருஷம் கம்பிக்குப் பின்னால். வீட்டில் வளர்ந்த சிம்பன்சிகளைப் பிற்பாடு கூட்டத்தோடு சேர்த்தால் ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதில்கூட அவை பின்தங்குகின்றன என்று அமெரிக்காவில் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிம்பன்சிகளுக்குப் பேன் பார்ப்பதுதான் உறவு, அரசியல், ஆறுதல் எல்லாம்.

ராணிப்பேட்டைக் குட்டி

இங்கே தமிழ்நாட்டில் சிம்பன்சி வளர்த்த வீடு எதுவும் பொதுப்பார்வைக்கு வந்ததில்லை. ஆனால் இதே கேள்வி நம் உயர் நீதிமன்றத்தின் வாசலுக்கே வந்துவிட்டது, நாட்டுக் குரங்கின் உருவத்தில்.

2023 டிசம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் சோளிங்கர் பகுதியில் ஒரு குரங்குக் குட்டியை நாய்கள் கடித்துக் குதறின. இடுப்புக்குக் கீழ் செயலிழந்த நிலை. முகாமுக்காக அங்கே போயிருந்த கோவை கால்நடை மருத்துவர் ஒருவர் அதை எடுத்துவந்து வீட்டிலேயே வைத்து சிகிச்சை செய்தார். பத்து மாதம் போல. குட்டி தேறியது. 2024 அக்டோபரில் வனத்துறை வந்து அதை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனது. இன்னும் முழுக்க குணமாகவில்லை, இடைக்காலமாவது என்னிடம் கொடுங்கள் என்று மருத்துவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். நீதிபதி சி.வி.கார்த்திகேயன், அவர் பூங்காவுக்குப் போய்க் குட்டியைப் பார்க்க அனுமதித்தார். ஆனால் கடைசியில், நவம்பரில், குட்டியை ஒப்படைக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சமூக ஊடகத்தில் வனத்துறைக்கு நிறையத் திட்டு விழுந்தது. “உயிரைக் காப்பாத்தினவரிடமிருந்து பிடுங்கிட்டாங்களே” என்ற கோபம் எனக்கும் புரிகிறது. அந்த மருத்துவர் செய்தது மகத்தான காரியம். அதில் இரண்டாம் பேச்சே இல்லை. இருந்தாலும் தீர்ப்பு சரி என்பேன். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் அரசின் உடைமை. தனியாரின் பாசத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை. சட்டத்தை விடுங்கள். பத்து மாதக் குரங்குக் குட்டிக்கு இனி வேண்டியது குரங்குகள். அதைத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் விக்கியின் புகைப்படக் கட்டை நோக்கிய நடை. மருத்துவருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மனு போட வைத்தது பற்றிக்கொண்ட கை. அதற்காக அவரை யார் குறை சொல்வது?

பூங்காவில் குரங்கோடு சேர்ந்ததா, நடை முழுசாக வந்ததா என்று வனத்துறை ஊருக்குச் சொல்லியிருக்கலாம். மக்கள் இவ்வளவு கவலைப்பட்ட ஒரு குட்டி. குட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம்தான் ஜனங்களை ‘நாமே வளர்த்துடலாம்’ என்று நினைக்க வைக்கிறது.

எந்த வழியாக வருகிறது?

நம் சட்டம் ரொம்ப காலம் நம் நாட்டுக் காட்டுயிர்களைத்தான் பார்த்தது. கிளி வளர்த்தால் குற்றம். வெளிநாட்டு மக்காவ் வளர்த்தால் கேட்பாரில்லை. 2023-ல் ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டைச் சுற்றிக்காட்டிய யூடியூப் வீடியோவில் இரண்டு பச்சைக்கிளிகள் தெரிந்ததால் இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்நிய நாட்டு விலங்கு என்றால் சுங்கத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று இருந்தது. 2020-ல் மத்திய அரசு, வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வந்து சொல்லலாம், ஆறு மாதத்துக்குள் சொன்னால் கேள்வியில்லை என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, காட்டுயிர்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. சிம்பன்சி அந்தப் பட்டியலில் மிகக் கடுமையான முதல் இணைப்பில் இருக்கிறது. ‘வீட்டில் பிள்ளை மாதிரி வளர்க்கிறேன்’ என்பது இப்போது எந்த அதிகாரியிடமும் செல்லாது.

கடத்தல் நின்றுவிட்டதா? செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து குன்றத்தூர் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது மீனம்பாக்கம் விமான நிலையம். 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பைகளில் சுங்கத் துறையினர் கண்டது: 15 கிங் ஸ்னேக் பாம்புகள், 5 மலைப்பாம்புகள், 2 அல்டாப்ரா ஆமைகள், கூடவே ஒரு டி பிராசா குரங்கு. மத்திய ஆப்பிரிக்கக் காட்டுக் குரங்கு, தாய்லாந்து சுற்றி, சென்னையில் ஒரு பைக்குள். எல்லாவற்றையும் வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

யாரோ ஒருவர் வாங்கத் தயாராக இருந்ததால்தான் அது பையேறியது. இந்தப் பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும்: பேச்சிலரா, அசைவமா, எத்தனை பேர், வண்டி எத்தனை என்று வீட்டுக்காரர் குடைந்தெடுப்பார். மீன் தொட்டிக்கே முகம் சுளிக்கும் ஓனர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் சிம்பன்சி வளர்க்க யாருக்கு வாய்க்கும்? பண்ணை வீட்டுக்காரருக்குத்தான். ஷிஃப்டுக்குப் போகிறவர் வீட்டில் பெற்ற பிள்ளையே பாட்டியிடமும் பால்வாடியிலும் வளர்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் பற்றிக்கொள்ளும் ஜீவனுக்கு மடி எங்கே? ஆகவே அந்த ரீல்ஸைப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கப்போவதில்லை. ஆனால் லைக் போடுகிறார்கள். அந்த லைக்தான் சந்தையின் விளம்பரப் பலகை.

சினிமாவும் இதில் சேர்த்திதான். 2019-ல் ஜீவா நடித்து வந்த ‘கொரில்லா’ படத்தில் தாய்லாந்தில் பழக்கப்பட்ட சிம்பன்சி ஒன்றை நடிக்க வைத்தார்கள். (படத்தின் பெயர் கொரில்லா, நடித்தது சிம்பன்சி. யாரும் கவலைப்படவில்லை.) சட்டை போட்ட சிம்பன்சியைத் திரையில் அடிக்கடி பார்ப்பவர்கள், அது அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் என்பதையே நம்ப மறுக்கிறார்கள் என்று சிகாகோ லிங்கன் பார்க் விலங்கியல் பூங்காவின் ஸ்டீவ் ராஸ் குழு 2008-லேயே எழுதியது. நம்மிடம் தெருவில் குரங்காட்டி வித்தை 1998 அறிவிப்போடு சட்டவிரோதமாகிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு ஆட்டியவரின் கோலைப் பிடுங்கிவிட்டோம். போனில் ஆடுகிறதே, அதைப் பார்த்து ரசிக்கிறோம்.

வண்டலூருக்கு வழி

சென்னையின் விலங்கியல் பூங்காவே ஒருவகையில் வீட்டு மிருகங்களிலிருந்துதான் பிறந்தது. 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் அங்கே சிறுத்தையையும் புலியையும் உயிரோடு கட்டி வைத்தார். கூட்டம் அள்ளியது. கர்நாடக நவாபிடம் பேசி, அவர் அரண்மனையில் வளர்த்த விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். பிறகு பூங்கா நகருக்குப் போய், 1985-ல் வண்டலூர் காட்டுக்கு வந்தது. இன்று ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த கோம்பி, கௌரி என்ற சிம்பன்சி ஜோடியைப் பார்க்க வராத பள்ளிப் பிள்ளைகள் குறைவு. அவற்றுக்கு இங்கேயே குட்டியும் பிறந்தது. அந்தக் குட்டியை யாரும் வாங்கிப் பாட்டிலில் பால் கொடுக்கவில்லை. கௌரியின் வயிற்றைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது.

பூங்கா சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அகழி அகழிதான். 2021-ல் நம்மிடமிருந்து போன கொரோனாவில் அங்கே சிங்கங்கள் செத்ததும் நடந்தது. பார்க்கப் போகிறவர்கள் சிம்பன்சியைப் பார்த்துக் கூச்சல் போடுவதும் பாப்கார்ன் வீசுவதும் இன்னும் நிற்கவில்லை. ஆனாலும் காட்டுக்குத் திரும்ப முடியாத ஒரு சிம்பன்சிக்கு நம் ஊரில் இருக்கும் ஓரளவு கௌரவமான இடம் அதுதான்: பக்கத்தில் இன்னொரு சிம்பன்சி இருக்கும் இடம்.

உங்களுக்கு நிஜமாகவே ஆசை இருந்தால், அங்கே விலங்கு தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. நடிகர் சிவகார்த்திகேயன் 2018-ல் அனு என்ற வெள்ளைப் புலியைத் தத்தெடுத்தது அதில்தான். சிறிய பறவையிலிருந்து யானை வரை, உங்கள் சம்பளத்துக்கு ஏற்றபடி தீனிச் செலவை ஏற்கலாம். ஒரு லைனில் வேலை பார்க்கும் இருபது பேர் சேர்ந்தால்கூட ஒரு விலங்கை எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தொழிற்சாலைப் பட்டையில் அதைச் செய்யும் கம்பெனிகள் இன்னும் நிறைய வர வேண்டும்.

யாராவது வாட்ஸ்அப்பில் குட்டி விற்கிறார் என்று தெரிந்தால், ‘பாவம், நாமே வாங்கிக் காப்பாற்றலாம்’ என்று மட்டும் இறங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் காசு அடுத்த குட்டிக்கான ஆர்டர். வனத்துறைக்குச் சொல்லுங்கள், வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அடிபட்ட நாட்டுக் குரங்கைக் கண்டாலும் முதலுதவி செய்து, அன்றைக்கே தகவல் கொடுத்துவிடுங்கள். டயபர் கட்டிய சிம்பன்சி ரீல்ஸ் வந்தால் லைக் போடாமல் தள்ளிவிடுங்கள். சித்தியிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு சிம்பன்சி பார்க்க ஆசையென்றால், செம்பரம்பாக்கத்துக்காரர்கள் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறினால் நேரே வண்டலூர். செவ்வாய்க்கிழமை மட்டும் பூங்காவுக்கு விடுமுறை.